ஜாடியில் ஒரு விளக்குக் கம்பம்

நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தார். நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள். அந்த வாசனை வந்தாலே என் தலை தானாகக் குனிந்துவிடும். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது கண்டமங்கலம் பக்கம் ஒரு பீங்கான் பட்டறையில் எனக்கு வேலை. பாதி காய்ந்த ஜாடிகளில் தெருக் காட்சிகளைச் செதுக்குவோம். டீக்கடை, ஆட்டோ, குழாயடிச் சண்டை எல்லாம் வரும். சென்னைக்காரர்கள் ஆசையாக வாங்கிப் போவார்கள். எனக்குக் கைத்திறன் கொஞ்சம் உண்டு, தலைக்கனம் நிறைய உண்டு.

ஒரு பெரிய ஜாடியில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டையே இறக்கினேன். புறப்படக் காத்திருக்கும் திண்டிவனம் பஸ், பூக்கார சரோஜா அக்கா, பக்கத்தில் மல்லாட்டைக் கூடையோடு என் அம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய் நிறையக் கூவுகிற அம்மா.

"இந்தப் பொம்பள வாயப் பாரேன்! யாருக்கா இது?" கூட வேலை செய்த மாலா சிரித்தாள்.

"யாரோ," என்றேன். அம்மா வீட்டோடு இருப்பதாக அவளிடம் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன். அவள் சாப்பிடப் போனதும் களிமண்ணைக் குழைத்து அம்மாவின் மேல் அப்பி, ஸ்பாஞ்சால் வழித்து, அந்த இடத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைச் செதுக்கினேன். சூளைக்குப் போகும்வரை எதையும் அழிக்கலாம்.

ஆனால் ஜாடியில் அம்மாவும் இருக்கிறாள் என்று வீட்டில் முன்பே பீற்றியிருந்தேனே! ஜாடி வெந்து வந்த அன்று நல்ல சேலை கட்டி, சரோஜா அக்காவையும் இழுத்துக்கொண்டு அம்மா வந்துவிட்டாள். யார் இவர்கள் என்று மாலா காதருகே கேட்டாள். "எங்க தெருக்காரங்க," என்றேன்.

"ஐய, நான்தான்! மூக்குத்திகூட கீது!" அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீ எங்க கீற?"

அம்மா ஜாடியை ஒருமுறை சுற்றி வந்தாள். கம்பத்தைத் தொட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு திண்டிவனம் பஸ்ஸைக் காட்டினாள்.

"நான் உள்ள ஏறி வித்துக்கினு இருக்கறேன்டி. வெளிய எப்படித் தெரிவேன்?"

எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

இன்று ஸ்டாண்டில் அந்தப் பூக்கடை வரிசை இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஜாடி நாளுக்குப் பிறகு, மாலாவோடு நான் ஸ்டாண்டில் இறங்குவதைப் பார்த்தால் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஏதாவதொரு பஸ்ஸுக்குள் ஏறிவிடுவாள். "யம்மா, எறங்கு" என்று ஒருநாளும் நான் கூப்பிடவில்லை.