பிரட்டுக்களத்தில் கேட்ட மன்னிப்பு

என் கணவர் மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். காலையில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவதும், வேலையை நின்று பார்ப்பதும், வந்தவர்களுக்குப் பேர் போடுவதும் அவர் பொறுப்பு. கெட்டிக்காரர் என்று தோட்டத்துத் துரையிடம் பெயர். ஆனால் கோபம் வந்தால் அவர் வேறு ஆள். கையிலிருக்கும் பிரம்பு யார் மேல், எங்கே விழுகிறது என்று பார்க்கமாட்டார். வீட்டில் என்னையோ எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளையோ அவர் அடித்ததில்லை. இருந்தாலும் சாயங்காலம் வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

ஒரு வருஷம் வஹகோட்டைக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவர் பூசை முடிந்த பிறகும் முழங்காலிலேயே இருந்தார். திரும்பி வரும்போது மாட்டு வண்டியில், பிள்ளைகள் கண்ணசந்த பிறகு, இனிமேல் யார் மீதும் கை வைக்கப் போவதில்லை என்று சொன்னார். வருஷா வருஷம் அதே பாவத்தை அதே சாமியாரிடம் சொல்லி வெட்கமாகிவிட்டது என்றார்.

இதற்காகத்தான் கல்யாணமான நாளிலிருந்து நான் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் துரையின் ஞாபகம்தான் வந்தது. துரைக்கு அவரைப் பிடித்ததே அந்தப் பிரம்புக்காகத்தான். மலையில் ஆட்கள் செய்யும் வேலை குறைந்தால் முதலில் போவது கணக்கப்பிள்ளையின் வேலை. அதோடு நாங்கள் இருந்த வீடும் போய்விடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது?

மறுநாளிலிருந்து பிரம்பை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். சாப்பாட்டுக்கு வரும்போது அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுப்பார். சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் சாப்பிடாமல் இருப்பார். அடக்கின கோபம் உடம்பை விட்டுப் போகாமல் உள்ளேயே சுற்றுவது எனக்குத் தெரிந்தது. ஆட்கள் சத்தமாகச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள், ஐயாவுக்குப் பயப்படுகிறதில்லை என்று தலைக் கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனார். குறை சொன்னாரா, எச்சரித்தாரா என்று தெரியவில்லை.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் காலம் வந்தது. ஒரு நாள் மத்தியானம் அவர் வந்து சாப்பாடு வேண்டாம் என்றார். மேலே கேட்கப் பயந்துகொண்டு நின்றேன். அவராகவே சொன்னார். காலையில் பிரட்டுக்களத்தில், ஆட்கள் எல்லாரும் கூடி நின்ற இடத்தில், முந்தின நாள் செடிகளை அடியோடு வெட்டிப்போட்ட ஒருவரை விசாரித்திருக்கிறார். அந்த ஆள் பதில் சொல்லாமல் நிற்கவே, பக்கத்தில் நின்ற கங்காணியின் கம்பைப் பிடுங்கி அடித்துவிட்டார். காது கிழிந்து இரத்தம் வந்துவிட்டதாம்.

"நாளைக்குக் காலையில அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கப் போறேன்" என்றார்.

ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்த் தனியாகக் கேட்டுவிட்டு வாங்க என்று கெஞ்சினேன். துரை காதுக்குப் போனால் என்ன ஆகும், கங்காணிமார் என்ன நினைப்பார்கள், பிள்ளைகள் கதி என்ன என்று எல்லாம் சொன்னேன். அவர் குனிந்த தலை நிமிராமல், "எல்லாருக்கும் முன்னாடிதானே அடிச்சேன்" என்றார்.

காலையில் ஆட்களைக் கூட்டும் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் தண்ணிக் குடத்தை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு நானும் போனேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்றால் பிரட்டுக்களம் தெரியும். பனி மூட்டமாக இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆளுக்கு முன்னால் போய் நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பின்னால் பின்னால் போனது மட்டும் தெரிந்தது. பிறகு எல்லாரும் மலைக்குப் போய்விட்டார்கள்.

பின்னேரம் அந்த மனிதரின் பெண்சாதி இடுப்பில் பிள்ளையோடு எங்கள் குசினிப் பக்கம் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, ஐயா எங்களுக்குச் சீட்டுக் கிழிச்சு வெளிய அனுப்பப் போறாங்களா?" என்று கேட்டாள்.

அப்படி ஒன்றும் இல்லை, செய்தது தப்பு என்று தெரிந்துதான் அவர் மன்னிப்புக் கேட்டார் என்றேன். அவள் நம்பவில்லை. "அடிச்சா அதோட போச்சுன்னு இருந்துக்குவோம்மா. இது என்னன்னே புரியலையே" என்றாள். தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டதாம். கலேவெலப் பக்கம் அவள் அண்ணன் இருக்கிறாராம், விடியுமுன் நடந்துவிடப் போகிறார்களாம். துரை கொடுக்கும் விடுதலைச் சீட்டு இல்லாமல் ஓடினவர்களை வேறெந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அந்தப் பயத்தைவிட என் கணவர் கேட்ட மன்னிப்பு அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

என் பயத்தையே தாங்க முடியாமல் இருந்த நான் இன்னொருத்திக்கு என்ன தைரியம் சொல்வது? ஆனாலும் அவளை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு அவளோடு லயத்துக்கு நடந்தேன். அதுவரை மருந்து கொடுக்கப் போனால்கூட லயத்து வாசலில் நின்று நீட்டிவிட்டு வருவதுதான் என் வழக்கம். எங்கள் வீட்டில் சாதி பார்க்க மாட்டோம் என்று வாயால் சொல்வோம். அந்த லயங்களில் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தது கிடையாது.

அந்த மனிதர் காதில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அடுப்போரம் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் சாக்கில் உட்கார்ந்தேன், அவர் உட்காரவில்லை. அவர்கள் இங்கேயே இருக்கலாம், ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். எங்களுக்கே என்ன ஆகுமென்று தெரியாமல்தான் அதைச் சொன்னேன். அவள் என்ன நினைத்தாளோ, ஒரு குவளையில் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றி, கருப்பட்டித் துண்டோடு என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையை நீட்ட எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். எடுத்துக் குடித்தேன். குவளை காலியாகும் மட்டும் குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, பெண்சாதியிடம் மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்.

இரண்டொரு நாள் கழித்துத் துரை என் கணவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். அவர் திரும்பும்வரை நான் சாமி சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேனே ஒழிய, ஒரு செபமும் வாயில் வரவில்லை. துரை கோபப்படவில்லையாம். அடுத்த கவ்வாத்து வரைக்கும் பார்ப்பேன், வேலை குறைந்தால் நீதான் வெளியே போக வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம். ஆக, அந்த ஒரு வருஷம் முழுக்க நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. வேலை குறையவும் இல்லை, கூடவும் இல்லை. எங்களை யாரும் வெளியே அனுப்பவும் இல்லை.

அவர் கோபம் முழுதாகப் போய்விடவில்லை. கையை அடக்கினார், நாக்கு சில சமயம் மீறும். மீறினால் மறுநாள் காலையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்த ஆளுக்கு முன்னால் போய் நிற்பார். வரவர ஆட்கள் பின்வாங்குவதை விட்டுவிட்டார்கள். ஒரு கிழவர், "சரிங்க ஐயா, விடுங்க, மழை வரப்போகுது" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். இதை வீட்டில் வந்து சொல்லும்போது என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.