ராத்தாவின் ஆறாவது பாடம்

சென்ற மாதம், மாணவர்கள் பாடங்களைத் தெரிவு செய்யும் வாரத்தில், என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பெண் இந்த செமஸ்டரில் தனக்கு நான்கு பாடங்கள் போதும் என்றாள். பாட ஆலோசகர் என்று கதவில் பெயர்ப்பலகை போட்டுக்கொண்டிருக்கும் என்னிடம் பிள்ளைகள் வருவது வழக்கமாக வேறு காரியத்துக்கு. ஐந்து பாடம் என்ற வரம்பைத் தாண்டி ஆறாவதை எடுக்க அனுமதி கேட்பார்கள். இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் மோதுகின்றன, மாற்றித் தாருங்கள் என்பார்கள். குறைத்துக் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். அதிலும் இவள் ராத்தாவின் மகள், கம்பஸுக்குள் என்னை மிஸ் என்றும் வெளியே சித்தி முறையில் சாச்சி என்றும் அழைக்கிறவள். “உங்க உம்மா ஒரே செமஸ்டர்ல ஆறு பாடம் எடுத்து முடிச்சவங்க, தெரியுமில்ல?” என்று என் வாய் முந்திக்கொண்டது. “அது உம்மாட கதை மிஸ். பொறந்ததுல இருந்து கேட்டுட்டுத்தான் ஈக்கிறேன்” என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கதையில் எனக்கும் பங்கிருக்கிறது.

ராத்தா எனக்கு உறவில்லை. எங்கள் வகுப்பில் அவர் ஒருவர்தான் கல்யாணமாகி, பள்ளிக்கூடம் விட்டுச் சில வருடங்கள் கழித்துப் படிக்க வந்தவர். அதனால் முஸ்லிம் பிள்ளைகள் மூத்த சகோதரியை அழைக்கிற மாதிரி ராத்தா என்று அழைக்க, சிங்களப் பிள்ளைகள் உட்பட நாங்கள் எல்லோருமே அதைப் பிடித்துக்கொண்டோம். தெல்தோட்டையில் அவர் கணவருக்கு ஒரு பலசரக்குக் கடை. இடையில் பிள்ளை பிறந்ததால் ஒரு கட்டாயப் பாடத்தை விட்டுவிட வேண்டி வந்தது. கடைசி செமஸ்டரில் எங்களுக்கெல்லாம் ஐந்து பாடங்கள், ராத்தாவுக்கு அதோடு அந்தப் பழைய பாக்கியும் சேர்ந்து ஆறு. அதை அப்போது எடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பட்டதாரிகளை ஆசிரியர்களாக எடுப்பதற்கு வயதெல்லை உண்டு. அந்த ஒரு வருடத்தில் ராத்தா அதைத் தாண்டிவிடுவார். பிறகு பட்டத்தைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டலாம், வகுப்பறைக்குள் போக முடியாது.

எங்கள் துறைத்தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதட்டத் தெரியாத மனிதர், ஆனால் விதி என்றால் விதிதான். “ஓம், ஆறு எடுக்கலாம். நான் சிபாரிசு செய்யிறன். ஆனா வகுப்புகள் ஒண்டோட ஒண்டு மோதக் கூடாது, பாத்துக்கொள்ளுங்கோ” என்றார். மோதியது. வியாழன் பிற்பகல் எங்கள் எல்லோருக்குமான புள்ளிவிபரவியல் வகுப்பும் ராத்தாவின் பழைய பாடமும் ஒரே நேரத்தில் இருந்தன. புள்ளிவிபரவியலை மாற்றுவதென்றால் மண்டபம் காலியாக இருந்தது வியாழன் காலை ஏழு மணிக்கு மட்டும். எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. அறிவித்துவிட்ட வகுப்பு நேரத்தை மாற்ற வேண்டுமானால் அந்த வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் கதை முடிந்தது. ராத்தா கன்டீனுக்குப் போய், தேநீரும் ரோல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்த, விடுதியில் தங்கிய எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். முனகிக்கொண்டே எல்லோரும் போட்டார்கள். மிஞ்சியது நான் மட்டும்.

நான் நாவலப்பிட்டியிலிருந்து கோச்சியில், அதாவது ரயிலில், வந்து போகிறவள். அந்த வருடம் எனக்கு விடுதி கிடைக்கவில்லை. முதல் கோச்சியைப் பிடித்தாலும் கம்பஸுக்குள் கால் வைக்க எட்டு மணி தாண்டிவிடும். ஏழு மணி வகுப்பென்றால் நான் அந்தப் பாடத்தையே தலைமுழுக வேண்டியதுதான். ஆனால் வகுப்பு முழுவதும் என்னை ஒரு தாயின் வாழ்க்கையைக் கெடுக்க வந்தவள் மாதிரிப் பார்த்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் பட்டம் மட்டும் தெருவில் கிடந்து எடுத்ததா? ராத்தா வந்து கெஞ்சினால் என்ன சொல்வதென்று முகம் கழுவும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

ராத்தா கெஞ்சவில்லை. நூலகப் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஒனக்கு கோச்சிதானே பிரச்சினை?” என்றார்.

“ஆமாங்க ராத்தா. அது வந்து சேரவே எட்டாயிரும். நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது?”

“கோச்சிய மாத்த ஏலா. நீ வெளிக்கிடுற எடத்த மாத்த ஏலும்தானே. புதன்கிழமை பின்னேரம் எங்கட ஊட்டுக்கு வந்துரு. வெள்ளன பஸ்ல ரெண்டு பேரும் வருவம்.” எல்லாம் ஏற்கெனவே முடிவான மாதிரி அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அம்மா விடமாட்டாங்க என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை ராத்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்கே வந்துவிட்டார். அம்மா வாங்க வாங்க என்று உபசரித்தாலும் அவர் மனதில் கிடந்தது ஒரே கேள்வி. மாட்டிறைச்சி சமைக்கிற வீட்டில் மகளை எப்படிச் சாப்பிட விடுவது என்பதுதான் அது. அதைக் கேட்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அம்மா தவிப்பதைப் பார்த்து ராத்தாவே தொடங்கினார். “அம்மா, இனி புதன்கிழமைல எங்கட ஊட்ல மாட்டெறச்சி ஆக்குறல்ல. மாமிட்ட சொல்லிட்டுத்தான் வந்த.” அம்மா பிள்ளையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, “சரிங்க, போயிட்டு வரட்டும்” என்றார். திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டேன்.

ராத்தாவின் மாமியார் நல்ல சமையல்காரி என்று ஊரே சொல்லும். எனக்குக் கிடைத்தது முட்டைக் குழம்பு. முதல் புதன் முட்டைக் குழம்பு, அடுத்த புதன் முட்டைப் பொரியல், அதற்கடுத்து மறுபடி குழம்பு. மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளை கோழியும் தொடாது என்று அந்த வீடு முழுவதும் தீர்மானித்திருந்தது. கோழியென்றால் உயிரை விடுகிற நான், மரியாதை கருதி வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமைகளில் வீட்டில் எல்லோருமே எனக்காக முட்டைதான் சாப்பிட்டார்கள். ராத்தாவின் கணவர் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும். விடியற்காலை கலஹா வழியாக வருகிற பஸ்ஸில் வளைவுகளில் புத்தகத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஆகையால் முந்தின வாரம் படித்ததை நான் வாயால் சொல்ல, ராத்தா குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார்.

எடுத்த பாடத்தைக் கைவிடுவதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அது ஒரு வியாழனில் விழுந்தது. அந்த வாரம் முழுவதும் பிள்ளைக்குக் காய்ச்சல். ராத்தா இரண்டு வகுப்புகளுக்கு வரவில்லை, ஒரு கட்டுரையும் கொடுக்கவில்லை. அன்று பஸ்ஸில் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கலஹா தாண்டியதும், “ஆறாவத உட்டுட்டு வரப் போறேன் புள்ள. ஏலா” என்றார். ராத்தா ஏலா என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. ஆறுதல் சொல்லத் தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். “விட்டுறாதீங்க ராத்தா. நான் இத்தன முட்டை சாப்பிட்டதெல்லாம் வீணாப் போயிரும்.”

“முட்டைக்கு என்ன?”

“நான் கோழி சாப்பிடுவேங்க.”

ராத்தா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கொண்டக்டர் திரும்பிப் பார்த்தும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் அழுகையும் கலந்திருந்தது எனக்குத் தெரியும். “அல்லாஹ்வே, அந்த மனுசன் ஒன்னால எவ்வளவு நாள் பட்டினி” என்றார். அன்று வகுப்பு நேரம் போக, பாடத்தைக் கைவிடும் படிவத்தை வாங்குகிற அலுவலகம் மூடும் வரை நாங்கள் இருவரும் நூலகத்தில் அந்தக் கொடுக்காத கட்டுரையோடு இருந்தோம். அடுத்த புதன்கிழமை கோழி ஆக்கியிருந்தார்கள். “ஒனக்கு வாயில்லையா?” என்று மாமியார் என்னை வைத வசை, குழம்பை விடக் காரம்.

ராத்தா ஆறிலும் தேறினார். ஆறாவதில் மயிரிழையில்தான், ஆனால் தேறியது தேறியதுதான். வயதெல்லைக்குள் நியமனம் கிடைத்தது. இன்று ஒரு பாடசாலையின் அதிபர். நானோ அதே கம்பஸில் யாருக்கு எத்தனை பாடம் என்று பார்க்கிற கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கையெழுத்துக்காகக் கன்டீன் கன்டீனாக அலைய வேண்டியதில்லை. வரம்பு மீறினால் கணினி சிவப்பாகக் காட்டும், நான் அனுமதித்தால் பச்சையாகும். ஆறு கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் பெரும்பாலும் அனுமதித்துவிடுகிறேன். ஏனென்று சக விரிவுரையாளர்கள் கேட்டால் சிரித்து மழுப்புவேன்.

ஆனால் நான்கு? அதை எடுத்தால் படிப்பு ஒரு செமஸ்டர் நீளும் என்றேன். “அஞ்சு எடுத்தா பாஸ் பண்ணிருவேன் மிஸ். நாலு எடுத்தா எனக்கு வெளங்குது” என்றாள் அவள். உம்மாவுக்குத் தெரியுமா என்றேன். நீங்களே கேளுங்க என்று போனை நீட்டினாள். ராத்தா என் பக்கம்தான் நிற்பார் என்ற நம்பிக்கையில், அவளும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“நாலு கேட்டா நாலக் குடு” என்றார் ராத்தா.

“நீங்க ஆறு எடுத்தீங்களே ராத்தா!”

“எனக்கு நேரம் இல்ல, எடுத்த. அவளுக்கு நேரம் ஈக்கி. அந்த ஆறையும் படிச்சு நான் சம்பாரிச்சது வேற என்னண்டு நெனச்ச?”

எதிரில் இருந்தவள் வந்ததிலிருந்து முதன்முறையாகத் தலையைக் குனிந்தாள். நான் நான்கு என்று பதிந்தேன்.