மூன்று மாதத்துக்கு ஒரு தடவை

அந்த நாட்களில் எச்.ஐ.வி இருப்பது தெரிந்தவுடனே மருந்து தரமாட்டார்கள். இரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்களை எண்ணிக்கொண்டே வருவார்கள். இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் குளிசை. அந்த இறக்கத்தைத் தவறவிடாமல் இருக்க, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் இரத்தம் கொடுக்க வேண்டும். முதல் தடவை முந்நூற்றுப் பத்து. அடுத்தது இருநூற்று அறுபது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். கிளினிக்கில் தந்த துண்டுப் பிரசுரத்தை, வேலை செய்த கொட்டாஞ்சேனை அச்சகத்தில் புரூப் பார்ப்பது போல ஒரு எழுத்து விடாமல் படித்தேன். உடம்பு நன்றாக இருப்பது எதையும் காட்டாது என்ற வரிக்குக் கோடு கூடப் போட்டேன்.

கிளினிக் அட்டையில் இலக்கமும் அடுத்த திகதியும் மட்டும்தான் இருக்கும். எங்கள் நன்மைக்காகவே பெயர் எழுதுவதில்லை.

வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த வீட்டு அன்ரி யாழ்ப்பாணத்தவர். வாடகைக்கு இருந்த ஆறு பேரின் பொலிஸ் பதிவுத் துண்டுகளையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பார். யுத்த காலம் அது; தமிழர் தங்கிய வீடுகளைப் பொலிஸ் வளைத்துச் சோதிக்கும். சுற்றிவளைப்பு என்றால் பையோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

மூன்றாவது தடவை இரத்தம் கொடுக்கக் கிளம்பிய காலையில் சுற்றிவளைத்தார்கள். ஒரு பொலிஸ்காரர் என் சட்டைப் பையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம கோ?"

பெயர் எங்கே என்கிறார். உண்மையைச் சொல்லும் அளவுக்குச் சிங்களம் எனக்கு வரும். ஆனால் மற்ற அறைக்காரர்கள் காதில் விழும் தூரத்தில் நின்றார்கள். நூலக அட்டை என்றேன். எந்த நூலகம் என்றார். நான் ஒரு பெயர் தேடினேன். ஜீப்பில் ஏற்றினார்கள்.

இரண்டாம் நாள் அன்ரி பையோடு வந்து என்னை மீட்டார். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அட்டை என்னவென்று விளங்கியிருக்க வேண்டும். கையால் தொடாமல் பேனை முனையால் என் பக்கம் தள்ளினார்.

வரும் வழியில் அன்ரி சொன்னார்: "தம்பி, அது என்ன காட் எண்டு நான் கேக்கேல்லை. ஆனா பேரில்லாத துண்டு ஒண்டும் என்ர வீட்டுக்கை இருக்கப்படாது. மற்றப் பிள்ளையளையும் நான் யோசிக்கோணும்."

"சரிங்க அன்ரி" என்றேன். அன்றே அதை அடுப்பில் போட்டேன்.

இலக்கம் மனப்பாடம்தான். ஆனால் போனால் புது அட்டை தருவார்கள். அதை எங்கே வைப்பது? அடுத்த மாதம் பார்ப்போம், அதற்கடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளினேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று, கோடு போட்டுப் படித்த நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பதினான்கு மாதம் போயிற்று.

புரூப் பார்க்கையில் இடது கண்ணில் தூசி பறப்பது போலிருந்தது. பிறகு இடப்பக்கத்திலிருந்து ஒரு நிழல் நகர்ந்து, வரிகளின் தொடக்கத்தை மறைத்தது. அப்போதுதான் போனேன்.

என்னை மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிடும் சிங்களத் தாதி கண்டதும் எழுந்துவிட்டார். "மல்லி, எங்க போனது? நாங்க நினைச்சது நீ..." என்று நிறுத்திக்கொண்டார்.

இந்தத் தடவை எண்ணிக்கை நாற்பத்தொன்று. அணுக்கள் அவ்வளவு குறைந்தவர்களுக்குத்தான் இந்தக் கண் நோய் வரும் என்றார் டொக்டர். இடையில் ஒரு தடவை வந்திருந்தாலும் இறங்குவதைக் கண்டு குளிசை தொடங்கியிருப்பாராம். நான் அட்டையின் கதையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார். தாதிதான் பேசினார்.

"காட் இங்கேயே வச்சிட்டுப் போகலாம் தானே, மல்லி. நிறைய ஆக்கள் அப்பிடித்தான். ஏன் கேக்கல்ல?"

கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தந்ததைப் பத்திரமாக வைத்திருக்க மட்டுமே தெரிந்திருந்தது.

கண்ணுக்கு ஊசி போட்டார்கள், குளிசையும் தொடங்கினார்கள். மூன்றாம் மாதம், சொன்ன திகதியிலேயே போய் இரத்தம் கொடுத்தேன். எண்ணிக்கை நூற்றைத் தாண்டியிருந்தது. நல்லது என்றார் டொக்டர். கண்ணைப் பற்றிக் கேட்டேன். வலது கண்ணைக் காப்பாற்றியாயிற்று, இடது கண்ணில் போன பார்வை இனித் திரும்பாது என்றார்.