மாமா ஜும்ஆவுக்குப் பிந்திய வெள்ளிக்கிழமை

எனக்குப் பதினொரு வயதான அந்த வருடம் முழுக்க, கடலில் உள்ள ஆமைகளுக்கெல்லாம் நானே சொந்தக்காரி என்பது போலத்தான் திரிந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கல்முனையில் எங்கள் தெருவில் யாராவது ஒரு பொலித்தீன் பையைத் தெருவோரக் கழிவுநீர்க் கானுக்குள் போட்டால் போதும், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்பேன். இது கடலுக்குப் போகும், ஆமை இதை ஜெலிமீன் என்று நினைத்துத் தின்னும், தின்று சாகும், அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும் என்று பெரிய ஆள் மாதிரிப் பேசுவேன். கடைசி வரி நானாகச் சேர்த்துக்கொண்டது. பெரியவர்கள் சிரிப்பார்கள். உம்மா மட்டும், "வாய் நீளுது இவளுக்கு. வாப்பா கட்டாரால வரட்டும், சொல்லுறன்" என்பார்.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் தம்பிலுவில்லில் இருந்து வந்த ஒரு மிஸ். கடல்வாழ் உயிரினங்களைக் காக்கும் வேலைக்காக ஒரு நிறுவனம் அவரை ஒரு வருடத்துக்கு எங்கள் கரைக்கு அனுப்பியிருந்தது. வாரத்தில் ஒருநாள் வெள்ளை வானில் பாடசாலைக்கு வருவார். சுருட்டி வைத்த படங்களை விரித்து, டொல்பின் எப்படி மூச்சு விடும், கடற்பசு எதைத் தின்னும், ஆமை எந்தக் கரையில் பிறந்ததோ அந்தக் கரைக்கே ஏன் திரும்பி வரும் என்றெல்லாம் சொல்லுவார். எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் குப்பை பொறுக்க வைத்தார். வெயிலில் கறுத்துப் போனோம், ஒருத்திக்கும் கவலையில்லை. பிள்ளைகளான எங்களுக்கு அவர் தந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். கடலில் உள்ளது கரையில் கிடந்தால் அதைக் கடலுக்கே கொடுத்துவிட வேண்டும். வலைக்காரருக்கான பாடங்களை வருடக் கடைசியில் தனியாக நடத்துவதாகச் சொல்லியிருந்தார்.

வருடம் முடிந்து மிஸ் போன பிறகும் வேலை நின்றுவிடக் கூடாது என்று, கடற்றொழிலாளர்களில் ஒருவரைக் கரைக்காவலராக வைப்பது என முடிவாகியிருந்தது. முட்டையிடும் இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாதச் சம்பளம் உண்டு. அந்த வேலைக்கு என் சின்ன மாமா ஆசைப்பட்டார்.

சின்ன மாமா உம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். கரைவலை இழுத்து இழுத்து அவருடைய வலது தோள்மூட்டு விலகிவிட்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் வலைக்குக் கூப்பிடவில்லை. கடற்கரையில் தென்னங்கிடுகால் வேய்ந்த ஒரு வாடி, சின்னக் குடில், அவருக்கு இருந்தது. அதற்குள் உட்கார்ந்து பிறருடைய கிழிந்த வலைகளைத் தைத்துப் பொத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். மிஸ் கூட்டம் வைத்தால் பெருநாளுக்குப் போவது போல ஸ்திரி போட்ட சட்டையுடன் போய் முன்வரிசையில் இருப்பார். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

ஆனால் மாமாவுக்கு ஒரு பழைய பெயர் இருந்தது. இளவயதில் ஆமைமுட்டை கிண்டி வெளியாட்களுக்கு விற்றவர், ஆமைகளின் போக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தவர். எப்போதோ விட்டுவிட்டார். ஊர்தான் விடவில்லை. கூட்டத்தில் அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டாலே பின்னாலிருந்து யாராவது, "முட்டைக்காரன் கதைக்கான், கேளுங்க" என்பார்கள். மாமா காதில் விழாதது போல உட்கார்ந்துவிடுவார். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வரும். கரைக்காவலர் வேலை கிடைத்தால் அந்தப் பெயர் தொலையும் என்று அவரை விட நான்தான் அதிகம் துஆ கேட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் எங்கள் கரையில் ஆம்பிளை நடமாட்டம் இருக்காது. யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லுமுன்பே குளித்து, வெள்ளை உடுத்து, அத்தர் பூசிப் போய்விடுவார்கள். அன்று மாமா குளிக்கக்கூட வீட்டுக்கு வரவில்லை. உம்மா அவருடைய வெள்ளைச் சாறனையும் சட்டையையும் மடித்து என் கையில் தந்து, போய்ப் பார்த்துவரச் சொன்னார். சுனாமிக்குப் பிறகு உம்மா கடல் பக்கமே போவதில்லை. அதற்குப் பின் பிறந்தவள் என்பதால் எனக்கு அந்தப் பயம் இல்லை.

வாடியின் படல் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு பலகை சரிவாகப் போடப்பட்டிருந்தது. அதன் மேல் ஈரச் சாக்கு. சாக்குக்குக் கீழே ஓர் ஆமை. தலை பள்ளத்தில், பின்பக்கம் மேட்டில். கண் பாதி மூடியிருந்தது. அசைவே இல்லை. பக்கத்தில் மணலில் ஒரு கத்தி. மாமா ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து அதன் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் வளவில் குர்பான் கொடுக்கும்போது நான் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். மாட்டைச் சரித்துப் படுக்க வைப்பார்கள். அறுக்குமுன் அதற்குத் தண்ணீர் காட்டுவார்கள். கத்தியை அதன் கண்ணில் படாமல் ஒரு பக்கமாக வைப்பார்கள். சாய்த்த உடல், தண்ணீர், கத்தி. எனக்கு வேறென்ன தோன்றும்? எங்கள் ஊரில் ஆமை தின்பவர் இல்லைதான், ஆனால் வாங்கிப்போக வெளியிலிருந்து ஆள் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஜும்ஆ நேரத்தில் படலைச் சாத்திக்கொண்டு ஒரு மனிசன் வேறு எதற்காக ஒளிந்திருப்பான்? யா அல்லாஹ், மாமா பழையபடி தொடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மாமா அவசரமாக உடுப்பை வாங்கினார். பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கிவிட்டது, ஒலிபெருக்கியில் கேட்டது.

"நான் தொழுதிட்டு ஓடி வந்திருவன் புள்ள. நீ இதுக்குப் பக்கத்தில இரி. ஒருத்தரையும் கிட்ட விடாத. ஒருத்தருக்கும் சொல்லாத, என்ன?"

நான் தலையாட்டினேன். அவர் கை கால் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு, தொப்பியைத் தலையில் வைத்தபடியே ஓடினார். அவருடைய முதுகு மறைந்ததும் நான் எதிர்ப்பக்கம் ஓடினேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாப்பாவின் தம்பி, சாச்சாவின் வீடு. அவருடைய இரண்டு மகள்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூவரும் மிஸ்ஸிடம் படிக்கிற பிள்ளைகள்தான். விஷயத்தைச் சொன்னேன். மாமாவைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று நால்வரும் சத்தியம் செய்தோம். ஆமையையும் காப்பாற்ற வேண்டும், மாமாவையும் பாவத்திலிருந்து காப்பாற்ற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆமை நல்ல கனம். சாக்கை அதன் வயிற்றுக்குக் கீழே விட்டு ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இழுத்தோம். மணல் சுட்டது. பாதி வழியில் சாச்சாவின் சின்ன மகள் அழத் தொடங்கினாள். அவளுக்கு ஓர் அதட்டுப் போட்டேன். அலை வந்து காலை நனைத்ததும் சாக்கை உருவி, நால்வருமாகத் தள்ளினோம். இரண்டு அலை அதைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தது. மூன்றாவது அலை இழுத்துக்கொண்டு போனது. அது நீந்தியதா என்று நாங்கள் பார்க்கவில்லை. கண்ணுக்கு மறைந்ததும் கைதட்டினோம். மற்ற மூவரையும் வீட்டுக்கு விரட்டிவிட்டு, நான் மட்டும் சாக்கை எடுத்துக்கொண்டு வாடிக்குள் வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன்.

மாமா மூச்சிரைக்க வந்தார். துஆவுக்குக்கூட இருக்கவில்லை போலிருக்கிறது. வெறும் பலகையைப் பார்த்தார்.

"எங்க புள்ள?"

"அது எழும்பித் தானாப் போயிட்டு மாமா."

எனக்கு நாக்கு கூசவில்லை. நல்ல காரியத்துக்காகச் சொல்லும் பொய்தானே என்று நினைத்துக்கொண்டேன். மாமா வெளியே போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்த வெள்ளை உடுப்போடு கடலுக்குள் இறங்கினார். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வெகுநேரம் தேடினார். பிறகு ஈர உடுப்போடு கரையேறி வந்தார். "சரி மகள், நீ வீட்ட போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆமை செத்துக் கரையொதுங்கியது. கழுத்திலும் முன்துடுப்பிலும் அறுபட்ட காயம். அவ்வளவு போதும் ஊருக்கு. வெள்ளி காலை மாமா சாக்கில் எதையோ சுற்றி வாடிக்குள் இழுத்துப்போனதைக் கண்டவர் ஒருவர் இருந்தார். ஜும்ஆவில் கடைசி வரிசையில், பிடரியெல்லாம் மணலோடு வந்து நின்றதைக் கண்டவர்கள் பலர். ஜும்ஆவுக்குப் பிந்துகிறவனுக்கு ஏதோ களவு இருக்கும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஆள்கள் வாடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கேட்டவர்களிடம் மாமா, "ஓம், என்ட வாடிக்கதான் கிடந்திச்சு. கடல்ல வெட்டி விட்ட வலையில சிக்கிக் கரையில அடைஞ்சது, நான் வலைய அறுத்து எடுத்தன்" என்று மட்டும் சொன்னார். யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. நாங்கள் போகுமுன்பே மாமா அதைக் கத்தியால் ஏதோ செய்திருக்கிறார், அதனால்தான் செத்தது என்று மற்ற மூவருக்கும் விளக்கம் கொடுத்தேன். அவர்களும் நிம்மதியாகப் போனார்கள்.

வருடக் கடைசியில் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் மிஸ்ஸின் கடைசிக் கூட்டம். அன்றுதான் கரைக்காவலரைத் தெரிவு செய்வதும். மாமா வந்திருந்தார், ஆனால் முன்வரிசையில் இல்லை. படங்களை உயர்த்திப் பிடிக்கும் வேலை எனக்கு. முகத்தை மறைக்கும் பெரிய படங்கள். கடைசிப் படத்தைப் பிடித்திருந்தபோது மிஸ் சொல்லிக்கொண்டு போனார். வலையில் சிக்கிய ஆமை தண்ணீர் குடித்து மயங்கிக் கிடக்கும். செத்தது போலத்தான் இருக்கும், ஆனால் சாகவில்லை. அதை உடனே கடலில் விடக் கூடாது. பின்பக்கத்தை உயர்த்தி, தலையைப் பள்ளமாக வைத்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைக்க வேண்டும். ஒரு நாள்கூட ஆகலாம். மூச்சுத் தெளியுமுன் கடலில் போட்டால் மூழ்கிச் செத்துப்போகும்.

படம் கீழே இறங்கியது. "உயர்த்திப் புடி மகள்" என்றார் மிஸ். உயர்த்தினேன். படத்தின் விளிம்புக்கு மேலாகப் பார்த்தேன். அத்தனை ஆம்பிளைகளும் திரும்பி மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிழவர் ஒருவர் எழுந்தார். "மிஸ், இதத்தானே இவனும் செஞ்சு வெச்சிருந்தான்? பலகையும் சாக்கும் நாங்க வாடிக்க கண்டதுதானே?"

மிஸ்ஸின் முகம் மாறியது. மாமாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அப்பிடியெண்டா ஏன் கடல்ல விட்டீங்க? யார் விட்டது?"

ஒரு சொல். மாமா ஒரு சொல் சொன்னால் அந்த வேலை அவருக்குத்தான். பழைய பெயரும் அன்றோடு போயிருக்கும்.

மாமா எழுந்து நின்றார். "நான்தான் விட்டன் மிஸ். ஜும்ஆக்கு நேரம் போயிட்டு. அவசரப்பட்டுட்டன்."

யாரோ சீ என்றார்கள். பின்னாலிருந்து ஒருவர், பொறுமை இல்லாதவனுக்குக் காவல் வேலை எதற்கு என்றார். வேலை வேறொருவருக்குப் போனது. என் கையில் அந்த வருடத்துக்கான சான்றிதழ் ஒன்று தரப்பட்டது. மாமாவும் கைதட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆமையைக் கொன்றது நான்தான் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது. ஆமை தானாகப் போனது என்று சொன்னதை மாமா நம்பிவிட்டார், அதைச் சபையில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதான் அப்படிச் சொல்லிச் சமாளித்தார் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிய ஓர் ஆமையின் தடத்தை நான் முதன்முதலாகக் கண்டது போன வருடம்தான். இரண்டு பக்கமும் துடுப்பு ஊன்றிய அடையாளம் வரிசை வரிசையாக இருந்தது. அதைப் பார்த்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை மணலில் துடுப்பின் ஒரு கீறல்கூட இருந்திருக்காது. சாக்கு இழுபட்ட ஒரு பள்ளமும், அதன் இரு பக்கமும் குதிகால் அழுந்தப் பதிந்த எங்கள் நால்வரின் சின்னக் காலடிகளும்தான் இருந்திருக்கும். கடற்கரையிலேயே வளர்ந்த மனிசன், வாடி வாசலில் நின்று அதைத்தான் பார்த்திருக்கிறார்.

அன்று கூட்டம் முடிந்து நடக்கையில் மாமா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கால் சுட்டதா புள்ள, அண்டைக்கு?"

எந்த நாளைக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. "இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு, சான்றிதழை ஆட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினேன்.