ஹரிக்கேனில் வைத்த எலுமிச்சம்பழம்

என் வீட்டுக்காரர் திருமூர்த்தி, சாமியைக்கூட ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவர். ஹியூஸ்டனில் எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் தேடுகிற வேலை. அந்தச் சந்தேகப் புத்திக்குக் கம்பெனியில் சம்பளம் கொடுத்தார்கள், வீட்டில் நான் சும்மாவே அனுபவித்தேன். ஹியூஸ்டனை ஒட்டின பேர்லேண்டில் எங்கள் வீடு; அங்கே நான் அணைத்த அடுப்பை இவர் வந்து இன்னொரு முறை அணைப்பார். "என்னை நம்பறதில்லீங்களா?" என்றால், "அடுப்பைத்தான் புள்ள நம்பறதில்ல" என்பார். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இப்படிப்பட்டவர் மேல் எனக்கே சந்தேகம் வந்தது தொண்ணூற்று நாலில். சனிக்கிழமையானால், "ஃப்ரெண்டு ஷெட்டுல ஒரு ப்ராஜெக்ட்" என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் நகப்பாலிஷ் வாசனை. எந்தப் பொம்பளைக்குத்தான் வயிறு எரியாது?

"ஏனுங்க, அந்த ப்ராஜெக்ட்டுக்குப் பேரு என்னங்க? மேரியா, லிண்டாவா?" என்று கேட்டே விட்டேன்.

என்னைக் காரில் ஏற்றினார். ஊருக்குத் தெற்கே ஒரு சின்ன விமானத் திடல். அங்கே தகரக் கொட்டகைக்குள் கூரை பிரித்த வீடு மாதிரி நின்றது இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்று. ஹரிக்கேன் என்று பெயர். அதைப் பழுது பார்த்து மறுபடி பறக்க வைப்பதுதான் ப்ராஜெக்ட். பின்பாதி முழுக்க உலோகக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மெல்லிய மரச்சட்டங்கள், அதற்கும் மேலே வெறும் துணி. துணியை விறைப்பாக்கப் பூசுகிற வார்னிஷ்தான் அந்த நாற்றம் அடித்திருக்கிறது.

"துணி சுத்துன ப்ளேனையா சண்டைக்கு அனுப்புனாங்க?"

"சூட்சுமமே அதுதான் புள்ள. குண்டு இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிரும். ஓட்டைக்கு ஒட்டுப் போட்டா மறுபடி பறக்கலாம். லண்டன், கொழும்பு, பர்மா எல்லாத்துலயும் இது நின்னுச்சு. கூட நின்ன ஸ்பிட்ஃபயர் ப்ளேனுக்குப் பேரு, இதுக்கு உழைப்பு."

அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்ததில்லை. எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

விமானத்தின் சொந்தக்காரர் வால்டர். வயல்களுக்கு மருந்து தெளிக்கிற விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒத்தாசையாக டெனிஸ் என்று ஒரு பழைய தபால்காரர். இந்த இந்தியன் எதற்கு இங்கே வருகிறான் என்று முதலில் அவர்களும் இவரை ஒரு மாதிரிதான் பார்த்தார்களாம். இவர் கண்டுபிடித்த விரிசல்களைப் பார்த்த பிறகு, கடைசிப் பரிசோதனையை வால்டர் இவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். இவருக்கோ டெனிஸ் மேல் ஓயாத சந்தேகம். "அவன் ஒரு இடத்துல வெச்சதை மறந்துருவான் புள்ள. ஒரு ஸ்க்ரூ உள்ள விழுந்தாப் போதும், கதை முடிஞ்சுது" என்பார். டெனிஸ் செய்த வேலையை இவர் திரும்பச் செய்வார். அந்த மனுஷனும் பொறுத்துக்கொண்டார்.

தொண்ணூற்று எட்டில் ஒரு சனிக்கிழமை காலை முதல் பறப்பு என்று முடிவாயிற்று. நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன். வெளியே தள்ளி நிறுத்தியிருந்த விமானத்துக்குள் டார்ச் அடித்துக் கடைசியாகப் பார்த்துவிட்டு இறங்கினார் இவர். முகம் செத்துப்போயிருந்தது. நேரே டெனிஸிடம் போய்ப் பாக்கெட்டைக் காட்டச் சொன்னார். டெனிஸ் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

இவரைத் தனியே இழுத்து, "என்னங்க காணம்?" என்றேன்.

"பழம்." ரகசியமாகச் சொன்னார். "காலைல நம்ம பேர்லேண்ட் மீனாட்சி கோயில்ல அம்மன் பாதத்துல வெச்சு வாங்கிட்டு வந்தேன். யாரும் வர்றதுக்கு முன்னால சீட்டுப் பக்கத்துல வெச்சேன். கார் வாங்குனா வெக்கறோமல்ல? அதை இவன் எடுத்துட்டான்னு நெனச்சேன்."

"எடுக்கலைன்னா?"

அவர் பார்வை விமானத்தின் அடிப்பக்கம் போயிற்று. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விமானத்தில் பைலட் காலடியில் தரை கிடையாது. கால் வைக்க இரண்டு பட்டை மட்டும்தான். கையிலிருந்து எது நழுவினாலும் வாலை அசைத்து விமானத்தைத் திருப்புகிற கம்பிகள் இருக்கிற அடிவயிற்றுக்குள் போய்விடும் என்று இவரே எனக்குக் காட்டியிருக்கிறார். வெளியே தள்ளும்போது பழம் உருண்டிருக்கும். அதற்குள் வால்டர் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டாயிற்று. இன்ஜின் உறுமியது.

"போய்ச் சொல்லுங்க!"

"சொன்னா இனி என்னை உள்ள விடமாட்டாங்க வசந்தா. அவனைப் பாக்கெட்டைக் காட்டச் சொன்னவன் நான்."

"அட, நல்லா இருக்குதே! அங்க ஒரு உசுரு உக்காந்திருக்குது, இங்க நீங்க மானத்தைப் புடிச்சிட்டு நிக்கறீங்க! போறீங்களா, நான் போகட்டுமா?"

ஓடினார். தொப்பை குலுங்க, இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு விமானத்துக்கு நேர் எதிரே போய் நின்றார். வால்டர் பார்த்துவிட்டார். இன்ஜின் நின்றது. எல்லார் முன்னாலும், திக்கித் திணறி, உள்ளே ஒரு பழம் விழுந்திருக்கலாம், வைத்தது தான்தான் என்று சொன்னார்.

அடித்தகட்டைக் கழற்றினார்கள். கம்பி ஓடுகிற உருளைக்குப் பக்கத்திலேயே குங்குமத்தோடு கிடந்தது பழம். மேலே போய் விமானம் மூக்கைத் தூக்கியிருந்தால் உருண்டு போய்ச் சிக்கியிருக்கும்.

வால்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மூர்த்தி, ஏறுவதற்கு முன்னால் ஓட்டுகிறவன் தானும் ஒருமுறை பார்க்க வேண்டும். நான் பார்ப்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. நீ பார்த்துவிட்டால் எனக்கு அது போதும்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

தன்னை ஒரு மனிதர் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக் கிடந்தது இவருக்கு அதுவரை தெரியாது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக்கூட இல்லை.

பிறகு டெனிஸிடம் போய், மன்னித்துக்கொள், நீ ஒருமுறை உள்ளே பார் என்று டார்ச்சைக் கொடுத்தார். விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து புல்லில் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டெனிஸ் நிதானமாகப் பார்த்து முடிக்கிறவரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.