பின்கதவுத் தாழ்ப்பாள்

என் தங்கை ரோனாவைப் போல நடிக்கத் தெரிந்தவள் எங்கள் ஊர் அபர்தீனில் அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு மீன் கொட்டகைக்கு ஹெரிங் மீன் அறுக்கப் போனவள். அவளை வளர்த்தது நான்தான்.

அவளுக்குப் பதினேழு வயதில், கிளாஸ்கோ நாடகக் கல்லூரியில் எங்கள் ஊருக்கென்று ஒரே ஒரு இடம் வந்தது. கடைசிச் சுற்றில் இருவர்: ரோனாவும், பாதிரியார் மகள் எல்ஸ்பெத்தும். இருவருக்கும் ஒரே காட்சி. பட்டத்துக்கு ஆசைப்பட்டு, புருஷனைத் தூண்டி அரசனைக் கொல்லவைத்த ராணி, தூக்கத்தில் நடந்து, கையில் இல்லாத ரத்தத்தைக் கழுவுவாள்.

ரோனா கழுவியது பாத்திரம் தேய்ப்பது போலிருந்தது.

"என்னைப் பாருடி" என்றேன்.

தினமும் வேலை முடிந்ததும் மீன் நாற்றம் போக நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று வரிசையாகத் தேய்த்து முகர்ந்து பார்ப்பேன். பிறகு மறுபடி முதலிலிருந்து. மூன்று வாரம் பார்த்துப் படித்தாள். அப்படியும் எல்ஸ்பெத்தின் கை ஓங்கியிருந்தது. ஒத்திகையில் அவள் தன் கைகளைப் பார்க்கவே பயந்தாள்.

"அவ இருக்கறவரைக்கும் எனக்குக் கிடைக்காதுக்கா" என்றாள் ரோனா.

போட்டியன்று அரங்கின் பின்னறையில் நாங்கள் மூவர்தான். அந்த நாடகத்தின் பெயரை அரங்குக்குள் சொன்னால் கெட்ட சகுனம் என்பது நடிகர்கள் நம்பிக்கை. சொன்னவர் வெளியே போய், மூன்று சுற்றுச் சுற்றி, துப்பிவிட்டுக் கதவைத் தட்ட வேண்டும். உள்ளிருப்பவர் கூப்பிட்டால்தான் திரும்பி வரலாம்.

"வாசல்ல பேர் எழுதுன அம்மா என்ன நாடகம்னு கேட்டாங்களே, நீ என்ன சொன்னே?" என்றாள் ரோனா.

எல்ஸ்பெத் பட்டென்று பெயரைச் சொல்லிவிட்டாள்.

"அடிப்பாவி! ஓடு வெளியே!"

"என் வாயில கொள்ளிய வைக்க!" எல்ஸ்பெத் சிரித்துக்கொண்டே ஓடினாள். "அக்கா, என் சால்வையப் பாத்துக்கங்க!"

ரோனா பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

தட்டல் கேட்டது. "துப்பிட்டேன்! மகாராணி, உள்ள வரலாமா?"

மேலே மேடையில் எல்ஸ்பெத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"தொறந்தே, நாளைக்கு நானும் உன்கூட மீன் அறுக்க வரவேண்டியதுதான்" என்றாள் ரோனா, மெல்ல.

நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். வெளியே ஆலங்கட்டி மழை.

"அக்கா, வெளையாடாதீங்க. கூப்பிடுங்கக்கா!"

மூன்றாவது தடவையும் கூப்பிட்டாகிவிட்டது. ரோனா மேடையேறினாள். அன்று அவளும் தன் கைகளைப் பார்க்கவில்லை. நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்ஸ்பெத் கடைசியில் முன்வாசல் வழியாக நனைந்து வந்தாள்.

"தட்டுனது கேக்கலியாக்கா?"

"காத்துச் சத்தம்மா. கேக்கல."

சால்வையை ஒழுங்காக மடித்துக் கொடுத்தேன்.

மறுவருடம் அவள் அப்பா இறந்தார். எல்ஸ்பெத் எங்கள் கொட்டகைக்கு, என் மேசைக்கே, கத்தி பிடிக்க வந்தாள். பதினோரு வருடமாகக் கை கழுவ எங்களுக்கு ஒரே தொட்டி. அந்த நாளைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை பத்திரிகையில் ரோனாவின் படம் வந்திருந்தது. எடின்பரோவில் அதே ராணி வேஷம். கொட்டகை முழுக்கக் காட்டினேன். எல்ஸ்பெத் கை கழுவிக்கொண்டே பார்த்தாள்.

"நல்லா இருக்கா" என்றாள். "அந்தக் கதவுக்கு அடியில ஒரு இடுக்கு உண்டுக்கா. குனிஞ்சு பாத்தேன். உங்க பூட்ஸ் தெரிஞ்சுது."

நான் பத்திரிகையை நான்காக மடித்தேன்.

"சோப்பு உங்க பக்கம் இருக்கு. தள்ளுங்க."

தள்ளினேன்.