சுவரில் தெரிந்த வெள்ளைக் கட்டம்

வருவாய் ஆய்வாளர் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அம்மா பைபிள் வசனம் எழுதிய ஏசு படத்தை ஆணியிலிருந்து இறக்கினாள். பழைய சேலையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். அடுப்புப் புகையில் கறுத்த சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாய்த் தெரிந்தது. அதை மறைக்க என் சட்டையை அதே ஆணியில் மாட்டினேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஸ்ரீபெரும்புதூரில் எழுத்தர் வேலைக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. எஸ்.சி. சாதிச் சான்றிதழ் காட்டினால் வேலை நிச்சயம் என்றார்கள். ஆனால் எங்கள் காலனியில் பிறந்திருந்தாலும், கிறிஸ்தவனுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் இந்து என்றே எழுதியிருந்தார். விசாரிக்க வருகிறவரும் அதை நம்பிவிட்டால் போதும்.

படத்தை இறக்கும் யோசனை ஊர்க் கணக்குப்பிள்ளையுடையது. "ஒரு நாளுதாம்மா. ஏசு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

"கோச்சிக்கினா அவராண்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் அம்மா. அப்பா போன பிறகு நாற்று நட்டே அவள் இடுப்பு வளைந்திருந்தது.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. எங்கள் ஓலைக் கோயிலில் ஞாயிறுதோறும் வேதம் வாசிப்பவன் நான். கேட்க உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. என் வாய் சொல்வதுதான் அவர்களுக்கு வேதம்.

கணக்குப்பிள்ளையோடு ஆய்வாளர் வந்தார். நல்ல உயரம். குனியாமல் நுழைந்தவர் நெற்றி வாசல் நிலையில் மடேரென்று மோதியது.

"ஏசப்பா!" என்று அலறினாள் அம்மா.

கணக்குப்பிள்ளை அம்மாவை முறைத்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்தபடி சிரித்தார். "நல்ல சமயத்துலதான் கூப்ட்டீங்கம்மா." பிறகு பேனாவைத் திறந்து என்னைப் பார்த்தார். "தம்பி, நான் எதையும் காதுல வாங்கல. நீ சொல்லு. சர்ச்சுக்குப் போறதுண்டா? இல்லன்னு சொன்னா எழுதிட்டுக் கெளம்பறேன்."

இல்லை. ஒரே சொல். அம்மாவின் கண்கள் கெஞ்சின. நான் ஆணியைப் பார்த்தேன். சட்டைக்குக் கீழே வெள்ளைக் கட்டத்தின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"போறோம் சார். அங்க பைபிள் வாசிக்கறதே நான்தான்."

"யோசிச்சுதான் சொல்றியா?"

"ஆமா சார்."

பேனாவை மூடினார். இந்த முறை நன்றாகக் குனிந்து வெளியே போனார்.

"உன் சோத்துல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கினியேடா" என்று சொல்லிவிட்டுக் கணக்குப்பிள்ளையும் அவர் பின்னால் ஓடினார்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பொய் சொன்னா அந்தப் பாவம் என்னோட போவட்டும்னுதானேடா இருந்தேன்? நடுவுல நீ இன்னாத்துக்குப் பூந்த?"

"ஞாயித்துக்கெழம அவங்க முன்னாடி நிக்கணுமேம்மா."

"நில்லு. வயித்துக்கும் அதையே ஊத்திக்கோ."

நான் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு எழுந்து பானைக்குள் கைவிட்டாள். படத்தில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி என் கையில் திணித்தாள். "கோணலா மாட்டாத."

அதன்பின் என்னோடு பேசவில்லை.

மறுநாளே செங்கல் சூளைக்குக் கல் சுமக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை விரலெல்லாம் கொப்புளம். பக்கம் புரட்டவே வலித்தது. கைக்கு வரவிருந்த வேலை போய்விட்டது, இனி எது வரும் என்றும் தெரியாது. ஆனாலும் வாசிக்க ஆரம்பித்ததும், அந்த நேரத்துக்கு வேறொன்றும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குரல் எங்கேயும் தடுக்கவில்லை.

முடித்து நிமிர்ந்தேன். முன்வரிசையில் அம்மா. எல்லாருக்கும் முந்திக்கொண்டு "ஆமென்" சொன்னது அவள்தான். அந்த வாரத்தில் அவள் எனக்குச் சொன்ன ஒரே பதில்.